முதல் வரைபடத்திலேயே சூரியனுக்கு இடம் கொடுங்கள்

கட்டடங்களை வரையும் அன்பர்களுக்கு,

வணக்கம். சில மாதங்களுக்கு முன் ஒரு புதுக் கட்டடத்தின் கூரையில் சோலார் பேனல் பொருத்துவதைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். ஓடு வேய்ந்து ஒரு மாதம்கூட ஆகியிருக்காது. அந்த ஓடுகளைத் தூக்கி, அடியில் இருந்த மரச்சட்டத்தில் கொக்கிகளை முடுக்கினார்கள். கொக்கி வெளியே வர இடம் வேண்டுமே, அதற்காக ஒவ்வொரு ஓட்டின் விளிம்பையும் தேய்த்தார்கள். இரண்டு ஓடு உடைந்தது. அப்புறம் அலுமினியச் சட்டம், அதன்மேல் பேனல். வேலை முடிந்தபோது பாதிக் கூரை கண்ணுக்கே தெரியவில்லை. இனி வெயிலே படாத இந்த ஓடுகளை எதற்காகச் சூளையில் சுட்டோம்? இந்தக் கேள்விதான் என்னை உங்களுக்கு எழுத வைத்தது.

பேனலின் முன்பக்கம் கெட்டியான கண்ணாடி. மழைநீர் உள்ளே இறங்காதபடி அடுக்கிப் பொருத்தினால் அதுவே கூரை. சுவரில் பதித்தால் அதுவே முகப்பு. ஓடு, உலோகத் தகடு, முகப்புக்கு ஒட்டும் கற்பலகை எல்லாம் அந்த அளவுக்குத் தேவையில்லாமல் போகும். அவற்றைச் செய்ய எரியும் எரிபொருளும் மிச்சம். மின்சாரத்துக்காகத் தனியாக நிலத்தையும் வளைக்க வேண்டாம்.

பேனல் செய்யவும் மின்சாரம் செலவாகிறதே என்பீர்கள். உண்மைதான், பேனலுக்குள் வெயிலை மின்சாரமாக்கும் சிலிக்கானைச் சுத்தமாக்குவது பெரிய வேலை. ஆனால் நல்ல வெயில் படும் கூரையில் அந்தக் கடன் ஓரிரு ஆண்டுகளில் அடைந்துவிடுகிறது. பேனலின் ஆயுளோ 25, 30 ஆண்டுகள்.

இங்கிலாந்தின் மான்செஸ்டரில் 1962-இல் கட்டி முடித்த சி.ஐ.எஸ். கோபுரம் என்ற உயரமான அலுவலகக் கட்டடத்தை உங்களில் பலர் அறிவீர்கள். அதன் வெளிச்சுவரில் ஒட்டிய சின்னச் சின்ன மொசைக் துண்டுகள் பெயர்ந்து விழுந்துகொண்டே இருந்தன. சுவருக்கு எப்படியும் ஒரு புதுப் போர்வை வேண்டும் என்ற நிலையில், 7,000-க்கும் மேற்பட்ட பேனல்களையே போர்வையாகப் போர்த்தினார்கள். பார்க்க அழகாக இருக்காது என்று தயங்குபவர்களுக்கு டென்மார்க்கின் தலைநகர் கோபன்ஹேகனில் உள்ள சர்வதேசப் பள்ளியைக் காட்டுவேன். 2017-இல் திறந்த அந்தப் பள்ளியின் முகப்பில் கடல் பச்சை நிறத்தில் 12,000 பேனல்கள். பள்ளிக்கு ஓர் ஆண்டில் தேவைப்படும் மின்சாரத்தில் பாதிக்கு மேல் அவை தரும் என்று கணக்கிட்டுக் கட்டினார்கள்.

செங்குத்தான சுவர் பெரும்பாலும் கூரை அளவுக்கு மின்சாரம் தராது. அதை மறைக்க விரும்பவில்லை. ஆனால் கூரை உச்சி வேளையில்தான் கொட்டித் தருகிறது. கிழக்குச் சுவர் காலையிலும் மேற்குச் சுவர் மாலையிலும் கைகொடுக்கும். மாலையில்தானே வீட்டுக்கு வந்து எல்லா சுவிட்சையும் போடுகிறோம்!

நீங்கள் இல்லாமல் நடக்காத வேலை ஒன்று உண்டு. பேனலின் சூடு ஒரு டிகிரி ஏறினால் மின்சாரம் சுமார் 0.3 முதல் 0.4 சதவீதம் குறையும். சுவரோடு ஒட்டிப் பதித்தால் அது வெந்தே போகும். பின்னால் ஓர் இடைவெளி விட்டு, கீழேயும் மேலேயும் திறந்து வைத்தால், சூடான காற்று தானாக மேலே ஏறி வெளியேறும். பேனலும் குளிரும், உள்ளே அறையிலும் வெக்கை குறையும், ஏ.சி.யின் வேலையும் குறையும். கட்டடம் முடிந்தபின் வரும் எலெக்ட்ரீஷியனால் அந்த இடைவெளியை உண்டாக்க முடியுமா?

நிழலும் அப்படித்தான். ஒரு பேனலின் ஓரத்தில் தண்ணீர்த் தொட்டியின் நிழல் விழுந்தாலே அதோடு தொடராக இணைந்த மற்றவற்றின் மின்சாரமும் அடிவாங்கலாம். வரைபடத்தில் தொட்டியைத் தள்ளி வைக்க ஒரு கோடு போதும். கட்டியபின் அது நகராது.

இன்னும் ஒன்றே ஒன்று. பழுதான ஒரு பேனலை மட்டும் தனியாகக் கழற்றும்படி பொருத்துங்கள். ஒன்றுக்காகச் சுவரையே பிரிக்க வேண்டியிருக்காது. ஆயுள் முடியும்போது கண்ணாடியையும் அலுமினியத்தையும் உடையாமல் இறக்கி மறுசுழற்சிக்கு அனுப்பலாம்.

அன்புடன்,
நீங்கள் வரையும் கட்டடங்களில் வாழும் ஒருவர்