டோர்ட்முண்டில் படிக்கும் நண்பிக்கு

கிளிநொச்சி,
பங்குனி

அன்பின் நண்பிக்கு,

உன்ர கடிதம் கிடைச்சது. இஞ்ச எல்லாரும் சுகம். காலபோக அறுவடை முடிஞ்சுது. சிறுபோகத்துக்கு இரணைமடுக் குளத்துத் தண்ணி எத்தினை ஏக்கருக்கெண்டு கூட்டம் வைக்கப்போகினம். பங்கு கிடையாதெண்டு நினைக்கிறவை இப்பவே முகத்தைத் தூக்கிக்கொண்டு திரியினம்.

வகுப்பும் இங்கிலிஸ், சோதனையும் இங்கிலிஸ், பிறகேன் ஜேர்மன் எண்டு கேட்டிருக்கிறாய். அடுத்த பக்கத்தில, கன்ரீனில எல்லாரும் பகிடிக்குச் சிரிக்க நான் மட்டும் கோப்பையைப் பாத்துக்கொண்டிருந்தனான் எண்டும் எழுதியிருக்கிறாய். பிறகென்னடி கேள்வி?

அறிவியல் நகர் பொறியியல் பீடத்துக்குத் தெற்கில இருந்து வாற சிங்களப் பெடியள் சிலருக்கு அம்மா சாப்பாடு குடுக்கிறா. அவையளுக்கும் படிப்பு இங்கிலிஸ்தான். மாத்தறைப் பெடியன் ஒருத்தன், வந்த புதுசில போனைக் காட்டித்தான் கறி கேப்பான். இப்ப குழம்பில புளி கூடிப்போச்செண்டு அம்மாவோட சண்டை பிடிக்கிறான், பிழை பிழையா, ஆனா கூச்சமில்லாம. அம்மாவுக்குத் தமிழை விட்டா வேற பாசை தெரியாது. அதால அவனுக்கு வேற வழியில்லாமப் போச்சு. உனக்கு அங்க வழி கூடிப்போச்சு. நீ ரெண்டு சொல்லுக்குத் தடுமாறினா உடன இங்கிலிசுக்கு மாறீடுவினம், நல்ல சனம். சனிக்கிழமை தமிழ்க்கடை, ஞாயிறு பக்கத்து ஹம் நகரத்துக் காமாட்சி அம்பாள் கோயில். அதுகளை விடெண்டு நான் சொல்லமாட்டன், ஆர்தான் விடுவினம்!

எங்கட சித்தப்பா 85இல கிழக்கு பெர்லினில இறங்கி மேற்குப் பக்கம் போனவர். வகுப்புக்கே போகேல்லை. ரெஸ்ரோரன்ற் குசினியில கோப்பை கழுவிக் கழுவிப் பேசப் பழகினவர். இலக்கணம் இண்டைக்கும் சரிவராதாம். ஆனா வீட்டுக்காரனோட வாதாடி வாடகையைக் குறைப்பிச்சவர். நீ பல்கலைக்கழகத்தில நடக்கிற மொழி வகுப்பில சேர். அதோட இங்கிலிஸ் தெரியாத கிழவி ஒண்டையும் பிடி, பக்கத்து வீட்டிலயோ பேக்கரியிலயோ இருப்பா.

மற்றது, ரேடியோ, ரீவிக்கெண்டு அங்க வீட்டுக்கு வீடு வாங்கிற ஒலிபரப்புக் கட்டணம் கேட்டு உனக்கு வந்த கடிதத்தை லாச்சிக்குள்ள வைச்சிருக்காத. சித்தப்பாவிட்டக் கேட்டனான். மாசம் 18.36 ஈரோ, ஆளுக்கில்லை, வீட்டுக்கு. உன்னோட இருக்கிற பெட்டையளில ஒருத்தி கட்டினா அவளின்ர கட்டண இலக்கத்தைப் போட்டு மறுமொழி எழுதினாக் காணும். பேசாம இருந்தாத்தான் தாங்களே உன்னைப் பதிஞ்சு காசு கேப்பினமாம். விளங்காட்டி அவருக்குக் கோல் எடு, சொல்லி வைச்சிருக்கிறன்.

முறிகண்டிக் கச்சான் கேட்டனி. ஊருக்கு வந்து திரும்பிற ஆரிட்டையாவது குடுத்து விடுறன்.

அன்புடன்,
உன்ர நண்பி