கணவாய்க்குப் போன கதை

தண்டையார்பேட்டை,
கார்த்திகை மாதம், மழை விட்ட ஒரு ஞாயிறு.

அன்பு மச்சானுக்கு,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. உடனே பதில் போடாததற்குத் திட்டாதே. ஊர் திரும்பிய மறுநாளே மழை பிடித்துக்கொண்டது. தரைத்தளத்தில் கணுக்கால் அளவு தண்ணீர், மோட்டார் ரூமிலும் தண்ணீர். ஆபீசுக்குப் போனால் பதினைந்து நாளாகத் தேங்கிக் கிடந்த பில் ஆஃப் என்ட்ரிகள், அதுதான் இறக்குமதிச் சரக்குக்கான சுங்கப் படிவங்கள். "மலையில ஓடப் போறேன்னு லீவு கேட்ட முதல் ஆள் நீதான்" என்று முதலாளி இன்னும் சொல்லிக்காட்டுகிறார்.

உன் முழங்கால் இப்போது எப்படி இருக்கிறது? பிசியோதெரபியைப் பாதியில் விட்டுவிடாதே. அந்த லிகமெண்ட் மட்டும் பிய்ந்திராவிட்டால் இதையெல்லாம் நான் எழுதவே வேண்டியிருக்காது, நீயும் கூட வந்திருப்பாய். வெள்ளியங்கிரியில் ஏழு மலையும் ஏறி இறங்குகிற உனக்குக் கோயம்புத்தூரே பயிற்சிக் களம். எனக்கு என்ன இருக்கிறது சொல்? நம்ம பக்கத்தில் மேடு என்றால் ரயில்வே மேம்பாலம்தான். நாலு மாதம் எங்கள் அபார்ட்மெண்ட் நாலு மாடிப் படியில் முதுகில் இருபது லிட்டர் தண்ணி கேனைக் கட்டிக்கொண்டு ஏறி இறங்கினேன். மூன்றாவது மாடி அத்தை இரண்டு வாரம் பார்த்துவிட்டு, "தம்பி, சும்மாதானே ஏறுற, எங்களுக்கும் ஒரு கேன் கொண்டாந்து வையேன்" என்றார். மாதம் ஒருமுறை நாகலாபுரம் மலை. மற்ற நாளெல்லாம் விடியற்காலை நாலரைக்கு காசிமேட்டிலிருந்து எண்ணூர் பக்கம், கன்டெய்னர் லாரிப் புகையில்.

போன இடம் நேபாளத்தில் அன்னபூர்ணா மலையைச் சுற்றி வரும் பாதை. கோரக்பூர் வரை ரயில், சுனௌலியில் எல்லை தாண்டி பஸ், பெசிசகரிலிருந்து ஜீப். நான், பெரம்பூர்க்காரர் ஒருவர், கொளத்தூர்க்காரர் ஒருவர், கூட ஒரு நேபாளி வழிகாட்டித் தம்பி. 2023 ஏப்ரலிலிருந்து வழிகாட்டி இல்லாமல் வெளிநாட்டார் நடக்கக் கூடாது என்று அங்கே விதி. ஆளுக்கு ஆறு கிலோ முதுகுப்பை. தாராபாணியில் இறங்கி ஓட ஆரம்பித்து, ஒன்பதாம் நாள் ஜோம்சோமில் முடித்தோம். மொத்தம் நூறு கிலோமீட்டரை ஒட்டி வரும். ஒன்பது நாளில் நூறு கிலோமீட்டர் என்பது நம் பீச் ரோடு கணக்கில் வெட்கக்கேடு. சிரிக்காதே, காரணம் சொல்கிறேன்.

முதல் ராத்திரி சாமே என்ற ஊரில் தங்கினோம். 2,670 மீட்டர். நம் தமிழ்நாட்டிலேயே உயரமான தொட்டபெட்டா 2,637. முதல் நாள் படுக்கையே தமிழ்நாட்டின் உச்சிக்கு மேல்! அந்தத் திமிரில்தான் தப்பு செய்தேன். மூன்றாம் நாள், மேல்பிசாங் என்ற ஊரிலிருந்து கியாரு என்ற கிராமத்துக்கு ஒரு ஏற்றம், வளைந்து வளைந்து போகும். பெரம்பூர்க்காரர் எனக்கு முன்னால் போனார். எனக்குப் பொறுக்கவில்லை. தண்ணி கேன் ஏற்றிய காலாச்சே, விடுவேனா? அவரைத் தாண்டி மூச்சு வாங்க மேலே போய் நின்றேன். எதிரே அன்னபூர்ணா, கங்காபூர்ணா எல்லாம் கை நீட்டினால் தொடலாம் போல. அன்றைய பெருமை அதோடு சரி.

சாயங்காலம் மனாங் போய்ச் சேர்ந்தபோது (3,540 மீட்டர்) தலைக்குள் யாரோ அம்மி கொத்துகிற மாதிரி இருந்தது. குடித்த பூண்டு சூப் அப்படியே வெளியே வந்தது. தூங்கப் போனால் மூச்சு கொஞ்ச நேரம் நின்று, பிறகு திடீரென்று பெரிதாக இழுக்கிறது. செத்துவிட்டேன் என்று நினைத்து இரண்டு முறை எழுந்து உட்கார்ந்தேன். வழிகாட்டித் தம்பி என்னை முற்றத்துக்குக் கூட்டிப்போய், கல் வரிசை மேல் குதிகாலை மறுகாலின் விரலோடு ஒட்டி வைத்து நடக்கச் சொன்னான். டிராஃபிக் போலீஸ் குடிகாரனை நடக்கவிடுகிற மாதிரி. தள்ளாடினால் மூளையில் நீர் கோத்துவிட்டது என்று அர்த்தமாம், அந்த ராத்திரியே கீழே இறக்கியாக வேண்டும். நான் நேராக நடந்தேன். "சரி தாஜு, வெறும் தலைவலிதான், ஆனா நாளைக்கு ஓட்டம் கிடையாது" என்றான். தாஜு என்றால் அண்ணன்.

மனாங்கில் இமாலய மீட்புச் சங்கத்தின் மருத்துவ முகாம் இருக்கிறது. சீசனில் அங்கே டாக்டர்கள் உயரத்து நோய் பற்றித் தினமும் வகுப்பு எடுக்கிறார்கள். மேலே ஆக்சிஜன் சதவீதம் குறைவு என்றுதான் நான் இத்தனை நாள் நினைத்திருந்தேன். அது இல்லையாம். இங்கேயும் 21, அங்கேயும் 21. அழுத்தம்தான் குறைவு, நம்மேல் கிடக்கிற காற்றுப் பொதியின் கனம் குறைந்துவிடுவதால் ஒவ்வொரு மூச்சிலும் உள்ளே போவது குறைகிறது. 5,400 மீட்டரில் கிட்டத்தட்டப் பாதி. இது எனக்கு வகுப்பில் புரியவில்லை. அறைக்கு வந்து பையைத் திறந்ததும் புரிந்தது. அம்மா கொடுத்தனுப்பிய முறுக்கு பாக்கெட் தலையணை மாதிரி உப்பி, வெடிக்கப் போகிறேன் என்று நின்றது. தண்டையார்பேட்டைக் காற்றை உள்ளே வைத்து ஒட்டிய பாக்கெட் அல்லவா? ஊசியால் குத்தியபோது வந்தது நம்ம ஊர்க் காற்று, மச்சான். மூக்கை வைத்துப் பார்த்தேன். நல்லெண்ணெய் வாசம்தான் அடித்தது.

அப்புறம் விதி என்னவென்றால், 3,000 மீட்டருக்கு மேல் போனால் ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் படுக்கையை உயர்த்தக் கூடாது. பகலில் எவ்வளவு ஏறினாலும் படுக்கக் கீழே வந்துவிட வேண்டும். நூறு கிலோமீட்டருக்கு ஒன்பது நாள் ஆனது இதனால்தான். காலை பத்தரைக்கே அன்றைய ஓட்டம் முடிந்துவிடும். மிச்ச நேரமெல்லாம் வெயிலில் உட்கார்ந்து ஆட்டையும் யாக் என்ற சடைமாட்டையும் பார்ப்பதுதான் வேலை. ஓடுகிறவனுக்கு அதைவிடப் பெரிய தண்டனை இல்லை.

மனாங்கில் இரண்டாம் நாளும் கிளம்ப முடியவில்லை. இந்த முறை என் தலை காரணம் இல்லை. காசிமேட்டிலிருந்து தம்பி மெசேஜ் அனுப்பியிருந்தான்: "வங்கக் கடலில் தாழ்வு மண்டலம், ஹார்பரில் ஒண்ணாம் நம்பர் கூண்டு ஏத்திட்டாங்க, போட்டெல்லாம் கரைக்கு வந்துடுச்சு." நான் அதை ஊர்ச் செய்தியாகத்தான் படித்தேன். லாட்ஜ் நடத்துகிற அக்காவிடம் பேச்சுவாக்கில் சொன்னேன். அவர் கையில் இருந்த கரண்டியைக் கீழே வைத்துவிட்டார்.

2014 அக்டோபர் 12-ஆம் தேதி விசாகப்பட்டினத்தில் ஹூட்ஹூட் புயல் கரை கடந்தது உனக்கு ஞாபகம் இருக்கும். நமக்கு அன்றோடு அது முடிந்துபோன கதை. ஆனால் மிச்சமிருந்த ஈரம் வடக்கே ஏறிப் போய், 14-ஆம் தேதி நாங்கள் தாண்ட வேண்டிய இதே தோரோங் லா கணவாய் மேல் பனியாகக் கொட்டியிருக்கிறது. சீசன் நேரம், பாதை முழுக்க ஆட்கள். நாற்பதுக்கும் மேற்பட்டோர் செத்துப்போனார்கள். மலையேற வந்தவர்கள், வழிகாட்டிகள், சுமை தூக்கிகள், யாக் மேய்க்கிறவர்கள் எல்லோரும். ஹார்பரில் கூண்டு ஏறினால் கட்டுமரக்காரன்தான் கடலுக்குப் போகாமல் இருப்பான் என்று நினைத்திருந்தேன். ஆயிரத்து எழுநூறு கிலோமீட்டருக்கும் அப்பால் ஒரு லாட்ஜ்க்காரம்மாவும் அந்தக் கூண்டைப் பார்த்துத்தான் அடுப்படியில் எத்தனை பேருக்கு அரிசி போடுவது என்று முடிவு செய்கிறார். நல்லவேளை, அந்தத் தாழ்வு மண்டலம் கடலிலேயே வலுவிழந்தது. கூண்டை இறக்கிவிட்டார்கள் என்று தம்பியிடமிருந்து தகவல் வந்த பிறகுதான் வழிகாட்டித் தம்பி ஷூவைப் போட்டான்.

அடுத்த இரண்டு ராத்திரி தங்கிய யாக் கர்க்கா, தோரோங் பேடி பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை. குளிர், தால் பாத் என்கிற பருப்புச் சோறு, குளிர். பேடியில் விரலில் மாட்டி ரத்தத்தில் ஆக்சிஜன் பார்க்கிற அந்த மெஷின் 81 சதவீதம் காட்டியது. இந்த எண்ணைப் பார்த்தால் சென்னையில் ஆம்புலன்ஸ் வந்துவிடும். அங்கே "நல்லாதான் இருக்கு" என்று சொல்லி டீ கொடுக்கிறார்கள்.

கணவாய் நாள் காலை நாலு மணிக்குக் கிளம்பினோம். பத்து மணிக்கு மேல் மேலே காற்று அடிக்க ஆரம்பித்துவிடும். நெற்றி விளக்கு வெளிச்சத்தில் முன்னால் போகிறவரின் குதிகால் மட்டும்தான் தெரியும். தண்ணீர் உறிஞ்சும் டியூப் உறைந்துவிட்டது. பத்து அடி வைப்பது, நிற்பது, எண்ணுவது, மறுபடி பத்து அடி. 4,450-லிருந்து 5,416 மீட்டர். நாலரை மணி நேரம். ஓடப் போனவன் நம்ம சந்தை வாசல் கிழவி மாதிரி நடந்தேன். உச்சியில் வண்ணத் துணிக்கொடிகள் காற்றில் படபடவென்று அடித்துக்கொள்கின்றன. ஒரு சின்ன டீக்கடையும் இருக்கிறது. டீ விலையைச் சொன்னால் நீ கடிதத்தைக் கிழித்துவிடுவாய். போட்டோ எடுக்கக் கையுறையைக் கழற்றினேன், இரண்டு நிமிடத்தில் விரல் மரத்தது, அவ்வளவுதான்.

ஆனால் அதற்கப்புறம் இறக்கம். ஆயிரத்து அறுநூறு மீட்டர், முக்திநாத் வரை. ஓட்டம் என்று நான் சொல்வதானால் அந்த இரண்டு மணி நேரத்தைத்தான் சொல்வேன். ஒவ்வொரு வளைவுக்கும் காற்று கொஞ்சம் கெட்டியாவது நெஞ்சுக்குத் தெரிகிறது. பொடிக் கல் சரிவில் கால் வழுக்க வழுக்க, நாலு மாதமாக இறங்கிய மாடிப்படியெல்லாம் தொடையில் ஞாபகம் வந்தது. இரண்டு கட்டைவிரல் நகமும் அங்கேதான் கறுத்தன. சொல்லப்போனால் அங்கே உன்னை நினைத்துக்கொண்டேன். ஏழாங்கிளாஸில் பள்ளிக்கூடம் விட்டதும் காலில் செருப்பில்லாமல் ராயபுரம் பாலத்திலிருந்து இறங்கி ஓடுவோமே, அந்த ஓட்டம்.

முக்திநாத்துக்கு நான் போவதாகச் சொன்னதிலிருந்து அம்மா தரையில் நிற்கவில்லை. 108 திவ்யதேசத்தில் திருமங்கையாழ்வார் பாடிய சாளக்கிராமம் அதுதான் என்று திருவல்லிக்கேணியில் யாரோ சொல்லிவிட்டார்கள். "கல்லு வாங்கியாரட்டுமா?" என்று கேட்டேன். "வேணாண்டா, சாளக்கிராமம் வெச்சா தினம் பூஜை விடக் கூடாது. புரட்டாசி தவிர நம்ம வீட்ல எந்த நாள் மீன் வாசம் இல்ல? தண்ணி மட்டும் எடுத்துக்கினு வா" என்றாள். கோயிலுக்குப் பின்னால் மாட்டுத்தலை வைத்த 108 குழாய்களில் உருகிய பனித் தண்ணீர் கொட்டுகிறது. வரிசையாக எல்லாவற்றிலும் தலையைக் கொடுத்துப் போக வேண்டும். மச்சான், அங்கே எல்லோரும் ஓடுகிறார்கள்! குளிர் தாங்காமல். ஸ்ரீரங்கத்திலிருந்து வந்திருந்த ஒரு பாட்டி, எழுபது வயதுக்கு மேல் இருக்கும், ஈரப் புடவையோடு கோவிந்தா கோவிந்தா என்று என்னைத் தாண்டிப் போய்விட்டார். நான் நாற்பதாவது குழாயில் நின்று நடுங்கிக்கொண்டிருந்தேன்.

மறுநாள் காக்பேனியில் ஒரு பெண் தட்டில் கறுப்புக் கல் பரப்பி விற்றுக்கொண்டிருந்தார். உருண்டைக் கல்லை இரண்டாக உடைத்து மறுபடி மூடி வைத்திருக்கிறார். திறந்தால் உள்ளே வரிவரியாகச் சுருள். ஒரு பாதியில் மேடாக, மறுபாதியில் பள்ளமாக, அச்சு எடுத்த மாதிரி. சாளக்கிராமம் என்று கும்பிடுவதும் இதைத்தான். அம்மோனைட் என்ற கடல் பிராணியின் புதைபடிவம், ஏறக்குறைய 15 கோடி ஆண்டுப் பழசு. இமயமலை எழும்புவதற்கு முன்னால் அங்கே டெத்திஸ் என்ற கடல் இருந்ததும், இந்தியத் தட்டு வடக்கே போய் முட்டியதில் அந்தக் கடலடிச் சேறு மேலே வந்ததும் நாம் பள்ளிக்கூடத்தில் படித்ததுதான். ஆனால் அந்தப் பிராணி நத்தை இல்லையாம், கடம்பாவுக்குச் சொந்தமாம். தென்பக்கத்தார் கடம்பாவைக் கணவாய் என்பார்கள் இல்லையா? கணவாயைத் தாண்டி வந்து கணவாயைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறேன்! வழிகாட்டித் தம்பிக்கு இதை எப்படி விளக்குவது? இந்தியில் இரண்டு முறை முயன்றுவிட்டு விட்டுவிட்டேன். காசிமேட்டு ஏலத்தில் கூடையில் வழுக்கிக்கொண்டு கிடப்பதன் பெரிய பாட்டன், அங்கே தட்டில் குங்குமத்தோடு உட்கார்ந்திருக்கிறது. கல்லைத் திரும்ப வைத்துவிட்டேன். அம்மா சொல் அம்மா சொல்தான்.

அன்று சாப்பிட்டுவிட்டு மதியம் ஜோம்சோமுக்கு ஓடியது இரண்டாவது தப்பு. காளி கண்டகி பள்ளத்தாக்கில் தினமும் முற்பகலுக்கு மேல் தெற்கிலிருந்து காற்று பிடுங்கும். மேலே திபெத் பக்கம் தரை சூடாகிக் காற்று எழும்ப, கீழேயிருந்து இழுக்கிறது. நம்ம கடற்காற்று வருகிற அதே கணக்குதான், ஆனால் முகத்தில் மணலோடு. பல்லெல்லாம் மணல்.

தீர்த்தம் பத்திரமாக வந்தது. ஓடும்போது நெஞ்சில் மாட்டுகிற அந்தக் குழைவான பாட்டிலில்தான் பிடித்து வந்தேன். அம்மா முதலில் அதைப் பார்த்து, "என்னடா இது, குளுக்கோஸ் பை மாதிரி" என்றாள். பாதியை எடுத்து வீடு முழுக்கத் தெளித்தாயிற்று. உன் முழங்காலுக்கு என்று ஒரு சின்ன பாட்டில் தனியாக எடுத்து வைத்திருக்கிறாள், ஃபிரிட்ஜில் மேல் தட்டில். அந்தத் தட்டில் மட்டும் மீன் வைக்கக் கூடாது என்று எனக்கும் உன் தங்கச்சிக்கும் உத்தரவு. பொங்கலுக்கு வரும்போது முதல் வேலையாக வந்து வாங்கிக்கொண்டு போ. வஞ்சிரம் வைக்க இடம் போதவில்லை.

உன்,
கடைசி பெஞ்சுக்காரன்