கையில் ஒரு யானைமலை

மதுரை,
சித்திரைக் கடைசி

மாப்ள,

அழகர் மலைக்குத் திரும்பி ஒரு வாரம் ஆகிவிட்டது. இனிமேல் "திருவிழாக் கூட்டம், தபாலாபீஸ் பக்கமே தலைவைக்க முடியவில்லை" என்ற சாக்கும் செல்லாது. பொங்கலுக்கு நீ போட்ட கடிதத்துக்கு இப்போதுதான் பதில் எழுதுகிறேன். திட்டுவதை நேரில் வைத்துக்கொள். இங்கே எல்லோரும் சுகம். உன் தங்கச்சிக்கு முழங்கால் வலி தேவலை. சோடாபுட்டி கண்புரை ஆபரேஷன் முடிந்து கண்ணாடியே இல்லாமல் திரிகிறான், பேர்தான் கழன்றபாடில்லை. ஊர்ச் செய்தி அவ்வளவுதான்.

மே லீவுக்குப் பேரப்பிள்ளைகள் கம்பத்துக்கு வருகிறார்கள், செல்போனைப் பிடுங்கிவிட்டு அவர்கள் கையில் என்னத்தைக் கொடுப்பது என்று கேட்டிருந்தாய். விமானம் கொடு. உடனே கூர்மூக்கு வைத்து மடிக்க ஆரம்பிக்காதே. அந்த வகை கணக்கு வாத்தியார் முதுகோடு போகட்டும். (விட்டது யாரென்று இன்றுவரை நான் வாய் திறக்கவில்லை, ஞாபகம் இருக்கட்டும்.) நான் சொல்லும் விமானத்துக்கு மூக்கு, வால் எதுவும் கிடையாது. எறியவும் கூடாது. கையை விட்டால் குட்டிக்கரணம் போட்டுக்கொண்டே முன்னால் போகும். அதன் பின்னாலேயே ஒரு அட்டையைப் பிடித்துக்கொண்டு நடந்தால் விழாமல் போய்க்கொண்டே இருக்கும். உன் ஏலக்காய்க் கிட்டங்கியில், அந்தக் குடோனின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை, திரும்பி மறுபடி இந்தக் கோடிவரை.

பாதிப் பேர் தோற்பது தாளில்தான், அதனால் அதை முதலில் சொல்கிறேன். ஜெராக்ஸ் தாள் ஒரு சதுர மீட்டருக்கு 70 முதல் 80 கிராம் இருக்கும். செய்தித்தாள் சுமார் 45. பட்டம் ஒட்டும் மெல்லிய தாள் 20-ஐ ஒட்டி. நமக்கு வேண்டிய துண்டு 20 செ.மீ. நீளம், 5 செ.மீ. அகலம், அதாவது நூறு சதுர செ.மீ. ஜெராக்ஸ் தாளில் வெட்டினால் 0.8 கிராம், பட்டத் தாளில் 0.2 கிராம். எடை நாலு மடங்கு கூடினால் இறங்கும் வேகம் இரண்டு மடங்கு கூடும். அப்புறம் அட்டையோடு நடந்தால் போதாது, ஓட வேண்டும். ஓடினால் அட்டை ஆடும், அட்டை ஆடினால் விமானம் தரையில். அதனால் ஜெராக்ஸ் தாள் வேண்டவே வேண்டாம். செய்தித்தாள் பரவாயில்லை, கொஞ்சம் வேகமாக நடக்க வேண்டும். அதற்காக ஒரேயடியாக மெல்லிசுக்கும் போகாதே. செருப்புப் பெட்டிக்குள் வரும் தாள் துணி மாதிரி தொங்கும், மடிப்பு நிற்காது. நகைக்கடையில் மோதிரத்தை மடித்துத் தருகிற ரோஸ் தாள் இருக்கிறதே, மெல்லிசாகவும் மொடமொடப்பாகவும், அதுதான் ராஜா. அது இல்லையென்றால் தினசரி காலண்டரில் கிழித்த தாள். சின்னக் காலண்டர் என்றால் 15-க்கு 4 என்று வெட்டிக்கொள், மடிப்புகளையும் அதே கணக்கில் குறைத்துக்கொள். உன் அம்மா இருந்த காலத்தில் பொழுது சாயாமல் காலண்டரில் கை வைக்க முடியுமா? இப்போது கேட்க ஆளில்லை, கிழி. மகர ராசிக்கு "அலைச்சல்" என்று போட்ட தாளாகப் பார்த்து எடு.

தாளுக்கு வாட்டம் உண்டு, அதையும் பார். செய்தித்தாளை மேலிருந்து கீழாகக் கிழித்தால் நேராகக் கிழியும், குறுக்கே கிழித்தால் கோணிக்கொண்டு போகும். நேராகக் கிழிகிற போக்கில் துண்டின் நீளம் வர வேண்டும். மாற்றி வெட்டினால் விமானம் நடுவில் வாழையிலை மாதிரி தொய்ந்துபோகும்.

ஸ்கேல் வைத்து பிளேடால் வெட்டு. கத்தரிக்கோல் போட்டால் ஓரம் நெளியும். நாலு மூலையிலும் நீளவாக்கில் ஒன்றரை செ.மீ., அகலவாக்கில் 8 மி.மீ. அளவுக்குச் சின்னச் சின்னச் செவ்வகமாக வெட்டி எறி. இப்போது இரண்டு பக்கத்திலும் ஒன்றரை செ.மீ. காதும், முன்னும் பின்னும் நீளமாக 8 மி.மீ. கரையும் மிஞ்சும். மூலையை வெட்டாமல் மடித்தால் காதும் கரையும் ஒன்றையொன்று இழுத்துச் சுருக்கம் விழும், அந்த ஒரு சுருக்கம் போதும் விமானம் வட்டமடிக்க. மடிக்கிற இடத்தில் மை தீர்ந்த ரீஃபில் முனையால் ஸ்கேலை ஒட்டி ஒரு கோடு இழுத்துவிடு, மடிப்பு நூல் பிடித்த மாதிரி வரும். இரண்டு காதையும் மேல்பக்கம் நேராக நிமிர்த்து. முன் கரையைக் கீழ்நோக்கி மடி, பின் கரையை மேல்நோக்கி மடி. கரைகளை முழுசாக நிமிர்த்தாதே, செங்கோணத்தில் பாதி போதும். பக்கவாட்டில் வைத்துப் பார்த்தால் நீட்டி இழுத்துவிட்ட ஆங்கில எஸ் எழுத்து மாதிரி தெரிய வேண்டும்.

இந்த இரண்டு கரையும் எதிரெதிராக மடிவதில்தான் சூட்சுமம். தாள் செங்குத்தாக நிற்கிற நொடியில் மேலே இருக்கும் கரை காற்றைக் கிண்ணம் மாதிரி ஏந்திக்கொள்ளும், கீழே இருக்கும் கரை காற்றுக்கு முதுகைக் காட்டும். மேல்பக்கம் பின்னால் தள்ளப்படும், தாள் உருளும். அரைச் சுற்று உருண்டதும் பின் கரை முன்னுக்கு வந்து அதே வேலையைச் செய்யும். இரண்டு கரையையும் ஒரே பக்கம் மடித்தால் தட்டுத்தடுமாறி விழும், உருளாது.

விடுகிற விதம்: தலை உயரத்துக்குத் தூக்கி, மேல்நோக்கி மடிந்த பின் கரையின் நடுவில் இரண்டு விரலால் பட்டும் படாமல் பிடி. லேசாகப் பின்னால், கீழ்நோக்கி ஒரு சுண்டு இழுத்துவிட்டு விடு. முன் விளிம்பு எழும்பிப் பின்னால் கவிழும், சுற்று ஆரம்பித்துவிடும். ஓர் ஆள் உயரம் இறங்குவதற்குள் கிட்டத்தட்ட அதே தூரம் முன்னாலும் போயிருக்க வேண்டும். திருப்பிப் பிடித்துவிட்டால் உன் மூஞ்சிக்கே வரும், பயப்படாதே, 0.2 கிராம்தான். அட்டையை எடுப்பதற்கு முன்னால் இதை மட்டும் பத்துத் தடவை விட்டுப் பார். நேராகப் போகாத விமானத்தை அட்டை காப்பாற்றாது. ஒரே பக்கமாக ஒதுங்குகிறதென்றால் காது இரண்டும் ஒரே அளவு நிமிர்ந்திருக்கிறதா, கரை நெடுக ஒரே சாய்வாக இருக்கிறதா என்று பார். பெரும்பாலும் ஒரு காது படுத்திருக்கும்.

நன்றாகச் சுற்ற ஆரம்பித்துவிட்டால் தாள் கண்ணுக்குத் தெரியாது, மாப்ள. ரோஸ் நிறத்தில் ஒரு குழல் காற்றில் மிதந்து வருகிற மாதிரி இருக்கும், இரண்டு ஓரத்திலும் காதுகள் வட்டமாக மங்கித் தெரியும். காதைக் கிட்டே கொண்டுபோனால் தட்டான் இறக்கை மாதிரி ஒரு மெல்லிய படபடப்பு.

இனி அட்டை. டி.வி. வந்த அட்டைப்பெட்டியில் 75-க்கு 45 செ.மீ. அளவில் மடிப்பு இல்லாத ஒரு பலகையாக வெட்டு. தெர்மாகோல் எடை குறைவு என்று ஆசைப்படாதே. சட்டையில் இரண்டு உரசு உரசினால் போதும், மின்னேற்றம் ஏறித் தாளை இழுத்து ஒட்டவைத்துக்கொள்ளும். அட்டையை அகலவாக்கில் இரண்டு கையாலும் பிடி. நிமிர்ந்தே இருக்கட்டும், மேல் விளிம்பு மட்டும் கவர்மென்ட் பஸ் சீட்டு முதுகு அளவுக்கு உன் பக்கம் சாயட்டும். விமானத்தை ஒருவர் விட, அட்டைக்காரர் உடனே அதன் பின்னால் நுழைய வேண்டும். விமானம் அட்டையின் மேல் விளிம்புக்கு நாலு விரல் மேலே, ஒரு சாண் முன்னே இருப்பதுதான் சரியான இடம். அதைவிடத் தள்ளிப்போனால் இறங்கிவிடும், வேகத்தைக் கூட்டு. ரொம்ப நெருங்கினால் அட்டைக்கு மேலே ஏறி உன் தலைக்குப் பின்னால் விழும், வேகத்தைக் குறை. இடது பக்கம் திரும்ப வேண்டுமானால் அட்டையை வலது பக்கம் கொஞ்சம் நகர்த்து. வலது நுனிக்குத் தூக்கல் கூடி, விமானம் இடது பக்கம் சாயும். சுவருக்கு இரண்டு மீட்டர் முன்னாலேயே திருப்ப ஆரம்பித்துவிடு.

அட்டை விசிறுகிறது, அதனால்தான் பறக்கிறது என்று உன் பெரிய பேரன் சொல்வான். நம்பாதே. மதுரையிலிருந்து ஒத்தக்கடை போகும்போது யானைமலைப் பாறைக்கு மேலே பருந்துகளைப் பார்த்திருப்பாய், இறக்கையை அசைக்காமல் மணிக்கணக்காய் நிற்கும். காற்று வந்து பாறையில் மோதி, போக வழியில்லாமல் மேலே ஏறுகிறது. வெயிலில் காய்ந்த பாறைச் சூட்டுக்கும் அதில் பங்குண்டு. பருந்து அந்த ஏறுகாற்றுக்குள் சறுக்கி இறங்கிக்கொண்டேதான் இருக்கிறது. காற்று ஏறுகிற வேகமும் பருந்து இறங்குகிற வேகமும் சரிக்குச் சரியாகிவிடுவதால் நமக்கு நிற்கிற மாதிரி தெரிகிறது. கிட்டங்கிக்குள் காற்று சும்மா நிற்கிறது, மலை நடக்கிறது. அவ்வளவுதான் வித்தியாசம். உன் கையில் இருக்கும் அட்டைதான் யானைமலை. பிள்ளைகளிடம் இப்படிச் சொல்லிவிட்டுக் கொடு, அதற்கப்புறம் அட்டையை ஆட்டமாட்டார்கள். மலை எங்கேயாவது ஆடுமா?

காகிதத் துண்டு ஏன் உருண்டுகொண்டே ஒரு பக்கமாகப் போகிறது என்று 1850-களிலேயே ஜேம்ஸ் கிளார்க் மாக்ஸ்வெல் கட்டுரை எழுதியிருக்கிறார். மின்காந்தத்துக்குச் சமன்பாடு போட்ட அதே மாக்ஸ்வெல்தான், இருபத்து சொச்சம் வயதில். நடந்துகொண்டே பறக்கவைக்கும் பொம்மை விமானத்துக்கு அமெரிக்காவில் ஜோசப் கிரான்ட் என்பவர் 1955-இல் காப்புரிமை வாங்கினார். ஆக நீயும் நானும் சிலேட்டைத் தூக்கிக்கொண்டு போன காலத்துக்கு முந்திய சங்கதி, நமக்கு ஒருத்தரும் சொல்லவில்லை. எனக்கு இதில் கொஞ்சம் கோபம்கூட உண்டு. மடித்த கப்பலும் கத்திக்கப்பலும் சொல்லிக்கொடுத்தவர்கள் இதைச் சொல்லியிருக்கக் கூடாதா?

இப்போது கவலைக்கு வருகிறேன். ஃபேன். சித்திரை வெயிலில் ஃபேனை நிறுத்தாமல் இது நடக்காது. நிறுத்தினாலும் இறக்கை நின்றதும் ஆரம்பிக்காதே, அறைக்குள் கிளம்பிய சுழல் அடங்க இரண்டு மூன்று நிமிஷம் ஆகும். ஏ.சி. அதைவிட மோசம், காற்று ஒரே பக்கமாகத் தள்ளும். ஜன்னலைத் திறந்து வைத்தால் கம்பத்துக் காற்று விமானத்தோடு அட்டையையும் கொண்டுபோய்விடும், ஆனி ஆடி பிறந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். ஆகவே வீட்டுக் கூடம் உதவாது. விடியற்காலை ஆறு மணி, உன் ஏலக்காய்க் கிட்டங்கி, ஷட்டர் இறக்கி, லைட் மட்டும். மூட்டை இல்லாத நாளாக இருக்க வேண்டும். பிள்ளைகள் அண்ணாந்து பார்த்துக்கொண்டேதான் நடப்பார்கள், தராசு, சாக்கு, படி, எதையும் நடுவில் விட்டுவைக்காதே. மழை பெய்த மறுநாள் வேண்டாம், தாள் நமுத்து மடிப்பு விரிந்துவிடும். தாள்களை ஒரு நோட்டுக்குள் வைத்து டப்பாவில் போட்டுவை.

எட்டு வயசுக்கு மேற்பட்டவன் ஒரு மணி நேரத்தில் பிடித்துக்கொள்வான். சின்னவளுக்கு 75 செ.மீ. அட்டை முகத்தை மறைக்கும், அவளுக்கு 50-க்கு 35 வெட்டு. அட்டை சின்னதானால் தூக்கலும் குறையும், கொஞ்சம் வேகமாக நடக்க வேண்டும் என்று சொல்லிக்கொடு. ஆரம்பத்தில் எல்லாப் பிள்ளையும் ஓடும். ஓடினால் அட்டை போய் விமானத்தில் மோதும். "மாப்பிள்ளை அழைப்பு நடை" என்று சொல், அந்த வேகம்தான் கணக்கு. ஒருவர் அட்டை, ஒருவர் விடுபவர், ஒருவர் தரையில் விழுந்ததைப் பொறுக்கிக் காதை நிமிர்த்திக் கொடுப்பவர். மூன்று பேருக்கும் வேலை இருந்தால் சண்டை குறையும். ஆளுக்கு ஆறு விமானம் முன்கூட்டியே வெட்டி வை, மிதிபடாமல் ஒரு நாளும் முடியாது.

கிட்டங்கி என்றைக்குக் காலி என்று ஒரு வரி எழுது. ரோஸ் தாள் இங்கே தெற்காவணி மூல வீதியில் கேட்டு வாங்கி வெட்டிக்கொண்டு வருகிறேன். அட்டை உன் பொறுப்பு. பஸ்ஸில் 75 செ.மீ. அட்டையைத் தூக்கிக்கொண்டு வந்தால் கண்டக்டர் லக்கேஜ் போடுவார்.

அன்புடன்,
வாயைத் திறக்காதவன்

பி.கு.: அட்டையின் நாலு ஓரத்துக்கும் பழுப்பு டேப் ஒட்டிவிடு. வெட்டிய அட்டை ஓரம் பிள்ளைகள் விரலைக் கீறும், அதற்கும் பழி என் மேல்தான் விழும்.