என் பாதியும் அண்ணாவின் பாதியும்

ஆசிரியர் அவர்களுக்கு,

சென்ற ஞாயிறு உங்கள் சுகாதாரப் பக்கத்தில் புற்றுநோய்க் கூட்டு ஆராய்ச்சி பற்றிய கட்டுரையை வாசித்தேன். கணையப் புற்றுநோயையும் பெருங்குடல் புற்றுநோயையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டு, “நோயாளிகள் காலம் தாழ்த்தி வருவதே மரணங்களுக்குக் காரணம்” என்று முடித்திருக்கிறீர்கள். அந்த வசனத்தில் பாதி எனக்குப் பொருந்தும். மற்றப் பாதி என் அண்ணாவுக்குச் செய்த அவமரியாதை.

முதலில் என் பாதி. முப்பது வருடம் விஞ்ஞானம் படிப்பித்தவள், இரத்தம் போவதை மூலவியாதி என்று நானே தீர்மானித்து ஒரு வருடம் யாரிடமும் சொல்லாமல் இருந்தேன். பிறகு பெருங்குடலுக்குள் கமரா விட்டுப் பார்க்கும் கொலனோஸ்கொப்பி செய்து, குடற்சுவரில் இருந்த முளையை அப்போதே வெட்டி எடுத்தார்கள். அப்படி ஒரு முளை புற்றாக மாற அநேகமாகப் பத்து வருடம் எடுக்கும். அதனால்தான் தப்பினேன். என்னைத் திட்டுங்கள், சரி. ஆனால் மலத்தில் கண்ணுக்குத் தெரியாத இரத்தத்தையும் காட்டும் எளிய பரிசோதனை ஒன்று இருப்பதை ஏன் எழுதவில்லை? “கழிவில் மாற்றங்கள்” என்று மட்டும் போட்டிருக்கிறீர்கள். மலம் என்ற சொல் ஞாயிற்றுக்கிழமைக் காலைச் சாப்பாட்டுக்கு இடைஞ்சல் போலும்.

அண்ணா தும்மினாலே டொக்டரிடம் ஓடுகிறவர். நான்காம் குறுக்குத் தெருவில் நாற்பது வருடம் கடை வைத்திருந்தார். வயிறு எரிகிறது என்றார், கேஸ்ட்ரைட்டிஸ் குளிசை கொடுத்தார்கள். முதுகு உளைகிறது என்றார், பூசுவதற்கு மருந்து. திடீரென்று சீனி வருத்தம் வந்தது, நிறை குறைந்தது, அதற்கும் ஒரு குளிசை. கண் மஞ்சளானதும் அண்ணி கீழ்க்காய்நெல்லி அரைத்துக் கொடுத்தார். அதற்குப் பிறகுதான் ஸ்கேன். கணையத்தில் புற்று. கணையம் இரைப்பைக்குப் பின்னால் ஒளிந்திருக்கிறது. அதில் வரும் கட்டி பித்தக் குழாயை நெருக்கும்வரை பல பேருக்கு இன்னதென்று தெரிவதே இல்லை. கண்டுபிடிக்கும்போது ஐந்து பேரில் ஒருவருக்குத்தான் சத்திரசிகிச்சை செய்யக்கூடிய நிலை இருக்கும். ஏழு மாதத்தில் போய்விட்டார். மரண அறிவித்தல் உங்கள் பத்திரிகையில்தான் போட்டோம். அதிலும் தெருவின் பெயர் பிழை.

அந்தக் கட்டுரைக்குப் பக்கத்தில் ஸ்டீவ் ஜொப்ஸின் படம் வேறு. அவருக்கு வந்தது கணையத்தில் தோன்றும் வேறொரு வகை, மெதுவாக வளர்வது. 2003 இல் தெரியவந்து 2011 வரை இருந்தார். போன வருடம் நீங்கள் கணையத்தை மண்ணீரல் ஆக்கியபோதும் எழுதினேன். இடமின்மையால் பிரசுரிக்கவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

ஆராய்ச்சிக்கு ஏன் பல நாடுகள் சேர வேண்டும் என்பதற்கும் கட்டுரையில் ஒரு வரி இல்லை. ஒரு ஆஸ்பத்திரியில் வெட்டி எடுக்கக் கிடைக்கும் கணையக் கட்டிகள் கொஞ்சம்தான். 2016 இல் ஆஸ்திரேலியர் முன்னின்று வெளியிட்ட ஆய்வில் 456 கட்டிகளைச் சேர்த்துப் பார்த்த பிறகுதான் நான்கு உபவகைகளைப் பிரிக்க முடிந்தது. இரண்டு நோயையும் சேர்த்து ஆராயவும் காரணம் உண்டு. கே-ராஸ் என்ற மரபணுவின் மாற்றம் கணையக் கட்டிகளில் பத்துக்கு ஒன்பதிலும், பெருங்குடல் கட்டிகளில் பத்துக்கு நான்கிலும் இருக்கிறது. லிஞ்ச் எனப்படும் பரம்பரைக் கோளாறு உள்ள குடும்பங்களில் இரண்டு நோயும் வரலாம். அண்ணனுக்குக் கணையத்தில் புற்று, தங்கைக்குக் குடலில் முளை என்றால் எங்கள் பிள்ளைகள் டொக்டரிடம் கேட்க வேண்டிய கேள்வி இதுதானே? அதை எந்தத் தமிழ்ப் பத்திரிகையில் வாசிப்பார்கள்?

அண்ணாவிடமும் ஒரு ஆய்வுக்கு இரத்தம் கேட்டார்கள். சம்மதப் படிவம் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் இருந்தது. அண்ணா சிங்களம் வெளுத்து வாங்குவார், வாசிக்கத் தெரியாது. தமிழ்ப் படிவம் அச்சில் இருக்கிறது என்றார்கள். தமிழும் அரசகரும மொழி என்று 1987 இல் அரசியலமைப்பில் எழுதினார்கள். அச்சு இன்னும் காயவில்லை. “எனக்கு உதவாட்டியும் ஆருக்காவது உதவட்டும், தங்கச்சி” என்று சொல்லிக் கையெழுத்து வைத்தார். காலம் தாழ்த்தி வந்தவர் என்று நீங்கள் எழுதியது இவரைத்தான்.

அடுத்த ஞாயிறு ஒரு சிறு பெட்டிச் செய்தி போடுங்கள். இரண்டும் வெவ்வேறு நோய்கள் என்றும், அந்தப் பரிசோதனை பற்றியும், மலம் என்ற சொல்லோடு. இடமில்லையென்றால் குறுக்கெழுத்துப் போட்டியை ஒரு வாரம் நிறுத்தலாம். போன கிழமை மேலிருந்து கீழ் 14 க்கு நீங்கள் தந்த விடை எப்படியும் பிழை.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற விஞ்ஞான ஆசிரியை,
வெள்ளவத்தை, கொழும்பு 6