பஸ்ஸுக்கு முன்பே டிப்போ

ஒஸ்லோ, நோர்வே,
கார்த்திகை 2025

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம். உங்கள் சுகமும் அம்மாவின் சுகமும் அறிய ஆவல். அம்மாவின் முழங்கால் நோவுக்கு எண்ணெய் பூசுவதோடு நிற்காமல் டொக்டரிடம் ஒருக்கால் காட்டச் சொல்லுங்கள்.

போன கிழமை தொலைபேசியில் நீங்கள் கேட்டதற்கு, பஸ் ஓட்டுகிற வேலைக்குப் போகிற அவசரத்தில் அரைகுறையாகத்தான் பதில் சொன்னேன். "உங்கை எல்லாம் கரண்ட் பஸ்தானாமே, மெய்யே பிள்ளை? இஞ்சை யாழ்ப்பாணத்திலை அது சரிவருமோ?" என்று கேட்டீர்கள். அது போனில் சொல்லி முடிகிற விஷயம் இல்லை. வாசிகசாலையில் உங்களோடு பஸ் ஓட்டிய பழைய டிப்போ ஆட்களோடு இருக்கும்போது இதை அவர்களுக்கும் வாசித்துக் காட்டுங்கள்.

மெய்தான் அப்பா. 2017 கடைசியில் இங்கே ஆறு மின்சார பஸ்களை ஓடவிட்டுப் பார்த்தார்கள். பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டினார்கள். 2023 இல் ஒரு கம்பனி மட்டும் போலந்தின் சொலாரிஸ் பஸ்கள் 183 இறக்கியது. ஒவ்வொன்றும் 18 மீற்றர், நடுவில் மடிகிற நீட்டுப் பஸ். ட்ராமும் நிலக்கீழ் ரயிலும் முன்பிருந்தே கரண்டில்தான். கடலைக் கடந்து நெசொட்டனுக்குப் போகிற கப்பல்கூட இப்போது பற்றறியில் ஓடுகிறது.

நீங்கள் சின்ன வயதில் பெரியப்பாவோடு கொழும்புக்குப் போனபோது, மேலே கம்பி பிடித்து ஓடிய ட்ரொலி பஸ்ஸில் ஏறியதைச் சொல்வீர்களே. அது 1953 இல் தொடங்கி 1964 இல் நின்றுபோனது. ஒஸ்லோவிலும் 1940 இலிருந்து 1968 வரை அப்படி ஓடியிருக்கின்றன. பெர்கன் நகரத்தில் 1950 இல் தொடங்கியது இன்றும் ஓடுகிறது. இப்போது எங்களுக்குக் கம்பி இல்லை. கரண்டை பஸ்ஸே கூரையில் தூக்கிக்கொண்டு ஓடுகிறது. பற்றறி மேலே இருப்பதால் கீழ்த்தட்டு றோட்டோடு கிட்டவாக இருக்கும். பிள்ளை வண்டில் தள்ளி வருகிற தாய்மாரும் வயசுபோன ஆட்களும் படி ஏறாமலே உள்ளே வந்துவிடுவார்கள்.

ஓட்டுகிற விதத்தைச் சொல்கிறேன், அதைத்தான் நீங்கள் கேட்க விரும்புவீர்கள். பட்டனை அமத்தினால் முன்னால் உள்ள திரையில் பற்றறி எத்தனை வீதம் என்று காட்டும். என்ஜின் பிடிக்கிற சத்தம் இல்லை. கிளச் இல்லை, கியர் இல்லை. மிதித்த உடனே முழு இழுவையும் வந்துவிடும். அதனால் கால் பதமாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் இருக்கை தேடி நடந்துபோகிற கிழவி நிலைகுலைந்து விழுந்துவிடுவார். காலை எடுத்தால் மோட்டரே வண்டியைப் பிடித்து மெதுவாக்கும். அந்த வேகத்தை மறுபடி கரண்டாக்கிப் பற்றறிக்கு அனுப்பும். மேட்டிலிருந்து கடற்பக்கம் இறங்கி வரும்போது வீதம் ஒன்று கூடியிருந்தால் எனக்கு அன்று முழுக்கச் சந்தோஷம். கை தேர்ந்த சாரதி தரிப்பிடத்துக்குக் கிட்டப் போன பிறகுதான் பிரேக்கைத் தொடுவார். சத்தம் இல்லாத வண்டி சனத்துக்கு ஆபத்து என்று, 20 கிலோமீற்றருக்குக் குறைந்த வேகத்தில் ஒரு மெல்லிய ஒலி எழுப்ப வேண்டுமென ஐரோப்பியச் சட்டம் இருக்கிறது. புதிய வண்டிகளுக்கு 2021 இலிருந்து அது கட்டாயம்.

ஓட்டும்போதெல்லாம் எனக்கு உங்கள் இடது காதுதான் நினைவுக்கு வரும். லேலண்ட் பஸ்ஸில் என்ஜின் உங்கள் இடது முழங்காலுக்குப் பக்கத்தில். பொனட்டுக்கு மேலே சாக்கை மடித்துப் போட்டும் சூடு அடங்காது. பருத்தித்துறை ஓட்டம் முடித்து வீட்டுக்கு வந்தால், அம்மா இரண்டு மூன்று தரம் கூப்பிட்ட பிறகுதான் திரும்பிப் பார்ப்பீர்கள். நான் வேலை முடிந்து இறங்கும்போது உடம்பில் அந்த நடுக்கம் இல்லை, உடுப்பில் டீசல் மணம் இல்லை. காற்று சுத்தமாகும், புகை குறையும் என்று எல்லாரும் பேசுகிறார்கள், அது சரிதான். சாரதியின் காதையும் முதுகையும் அந்தக் கணக்கில் சேர்த்துப் பேசுகிறவர்கள் குறைவு. எனக்கு அதுதான் முதல் நன்மை.

அப்புறம் குளிர். 2024 ஜனவரி முதல் கிழமையில் இங்கே மைனஸ் 20 பாகைக்கும் கீழே இறங்கியது. பல ஓட்டங்கள் நிறுத்தப்பட்டன. தரிப்பிடத்தில் விறைத்து நின்ற சனத்தின் கோபம் முழுவதையும் நாங்கள்தான் வாங்கினோம். கரண்ட் பஸ் நோர்வேக்குச் சரிவராது என்று சொல்லிக்கொண்டிருந்தவர்களுக்கு அந்தக் கிழமை நல்ல வாய்ப்பாகப் போய்விட்டது.

காரணம் விளங்காத ஒன்று இல்லை. டீசல் என்ஜினில் வீணாகப் போகிற சூட்டை வைத்தே பஸ்ஸைச் சூடாக்கலாம். இதில் அந்தச் சூடு இல்லை. ஹீற்றருக்கு வேண்டியதையும் பற்றறிதான் கொடுக்க வேண்டும். ஒவ்வொரு தரிப்பிடத்திலும் கதவு திறக்கிறது, சூடு வெளியே போகிறது, மறுபடி சூடாக்க வேண்டும். குளிரில் பற்றறியின் வலுவும் குறையும். அதோடு றோட்டில் ஐஸ். இழுவை சட்டென்று வருவதால், கவனமில்லாமல் மிதித்தால் நீட்டுப் பஸ் நடுவில் கத்தரிக்கோல்போல மடங்கப் பார்க்கும்.

இதற்கெல்லாம் வழி உண்டு அப்பா. விடியப்புறம் பஸ் இன்னும் சார்ஜில் நிற்கும்போதே உள்ளையும் பற்றறியையும் சூடாக்கிவிட்டால், வெளிக்கிடும்போது அந்தக் கரண்ட் பற்றறியில் இருந்து போகாது. சில பஸ்களில் ஹீற்றருக்கு மட்டும் தாவர எண்ணெயில் செய்த டீசல் பாவிக்கிறார்கள். தூர ஓட்டம் என்றால் மத்தியானம் பஸ்ஸை மாற்றுகிறார்கள், அல்லது இடையில் கொஞ்சம் சார்ஜ் ஏற்றுகிறார்கள். எல்லாம் நேர அட்டவணையில் செய்கிற வேலை. அட்டவணையை டீசல் காலத்தில் போட்டபடியே வைத்துக்கொண்டு பஸ்ஸை மட்டும் மாற்றினால் முதல் குளிரிலேயே பிடிபட்டுவிடும்.

உங்களுக்கு நான் அழுத்திச் சொல்ல வந்ததும் இதுதான். பஸ் வாங்குவது இதில் சின்ன வேலை. டிப்போவைத் திருத்துவதுதான் பெரிய வேலை. கணக்குப் பாருங்கள்: நூறு பஸ் இரவில் ஒன்றாகச் சார்ஜ் ஏறுகிறது, ஒவ்வொன்றுக்கும் 50 கிலோவாட் என்று வைத்தாலும் 5 மெகாவாட் வேண்டும். டிப்போவுக்குள் தனி ட்ரான்ஸ்போமர், நிலத்துக்குக் கீழே தடித்த கேபிள், எந்த பஸ் எத்தனை மணிக்கு வெளிக்கிடும் என்று பார்த்துக் கரண்டைப் பங்கிடுகிற கொம்பியூட்டர். விடிய நாலரைக்குப் போகிற பஸ் ஏழு மணி பஸ்ஸுக்குப் பின்னால் அடைபட்டு நிற்கக் கூடாது. ஆகவே நிறுத்துகிற ஒழுங்குகூட மாறவேண்டியிருக்கிறது. மெக்கானிக்மாருக்கும் புதுப் படிப்பு. 600 வோல்ட்டுக்கு மேலே ஓடுகிற செம்மஞ்சள் கேபிளில் தெரியாமல் கை வைத்தால் ஆள் தப்பாது. எண்ணெய்க் கையோடு நின்ற பழைய ஆட்களைப் பயிற்சிக்கு அனுப்பி, ரப்பர் கையுறை போட்டு வேலை செய்யப் பழக்கினார்கள். ஒருவரையும் வீட்டுக்கு அனுப்பவில்லை என்பதில் எனக்கு நிறைவு.

நோர்வேக்கு ஒரு வசதி, கரண்டில் ஏறக்குறைய 90 வீதம் நீர்வீழ்ச்சியிலும் அணையிலும் எடுப்பது. எண்ணெயை வெளியே விற்றுவிட்டுத் தன் பஸ்ஸைத் தண்ணீரில் ஓட்டுகிற நாடு இது. எங்களுடைய நாடோ ஒவ்வொரு லீற்றர் டீசலுக்கும் டொலர் கொடுக்க வேண்டிய நாடு. தொண்ணூறுகளில் எண்ணெய்த் தடை இருந்தபோது மண்ணெண்ணெயில் கார் ஓடியதை நாங்கள் கண்ணால் கண்டோம். 2022 இல் தம்பி ஓட்டோவோடு இரவிரவாக வரிசையில் படுத்தான். இதைவிட வேறு காரணம் வேண்டுமா?

அதனால் இது யாழ்ப்பாணத்துக்குச் சரிவரும் என்றுதான் நான் நினைக்கிறேன், இங்கத்தையைவிட நல்லாகவே. தட்டை நிலம், மேடு பள்ளம் இல்லை, ஹீற்றர் தேவையில்லை. பருத்தித்துறை முப்பது கிலோமீற்றர் சொச்சம்தான். 12 மீற்றர் பஸ் ஒன்று கிலோமீற்றருக்கு ஏறக்குறைய ஒரு யூனிட்டிலிருந்து ஒன்றரை யூனிட்வரை எடுக்கும். நாளுக்கு 200 கிலோமீற்றர் ஓடினால் 200 முதல் 300 யூனிட். அதே தூரத்துக்கு உங்கள் லேலண்ட், லீற்றருக்கு நாலு கிலோமீற்றர் என்று பார்த்தால், 50 லீற்றர் குடிக்கும். இன்றைய டீசல் விலையையும் யூனிட் விலையையும் போட்டு நீங்களே பெருக்கிப் பாருங்கள். அதோடு, இந்த வருஷம் சித்திரைப் புத்தாண்டு லீவில் கரண்ட் மிஞ்சுகிறது என்று, கூரைச் சோலாரைப் பகலில் நிறுத்தி வைக்கும்படி மின்சார சபை கேட்டதே. அந்தப் பகல் வெயிலை, மத்தியானம் ஆட்கள் குறைந்த நேரத்தில் டிப்போவில் நிற்கிற பஸ்களுக்கு ஏற்றலாமே என்று எனக்கு மனம் கிடந்து அடித்துக்கொண்டது.

பற்றறி கடும் சூட்டையும் விரும்பாது, அதைக் குளிராக வைத்திருக்கிற ஏற்பாடு வேண்டும். மாரியில் வெள்ளம் நிற்கிற றோட்டுகளையும் யோசிக்க வேண்டும். பஸ் விலையும் கூட. இவற்றை மறைத்துச் சொல்ல மாட்டேன்.

கோண்டாவில் டிப்போப் பக்கம் போனால் இப்போது உள்ளவர்களிடம் எனக்காக ஒன்று கேளுங்கள். இரவில் எத்தனை பஸ் அங்கே நிற்கும், முதல் பஸ் எத்தனை மணிக்கு வெளிக்கிடும், டிப்போவுக்கு வருகிற கரண்ட் இணைப்பு எவ்வளவு பெரியது. பழைய ஃபோர்மன் மாமா இருந்தால் அவருக்கு இதெல்லாம் விரல் நுனியில் இருக்கும். பதில் வந்தால், இங்கே எங்கள் டிப்போவில் சார்ஜ் அட்டவணை போடுகிற பெண்ணிடம் காட்டி, அந்த எண்ணிக்கைக்கு என்னென்ன வேண்டும் என்று எழுதி வாங்கி அனுப்புகிறேன். தை பிறக்க முதல் எழுதுங்கள்.

அன்பு மகள்