பந்தியில் பாயசம் எப்போது வரும்?

அன்புள்ள பாப்பாவுக்கு,

போனில் சொன்னால் "சரிம்மா, அப்புறம் பேசறேன்" என்று வைத்துவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன்.

புரசைவாக்கத்தில் உன்னை மாதிரி டைப் 1 சர்க்கரை நோய் உள்ள பிள்ளைகளுக்கு ஞாயிறுதோறும் வகுப்பு நடக்கிறது என்றேன் அல்லவா? எல்லாம் பள்ளிக்கூடப் பிள்ளைகள். பெற்றோருக்கு உள்ளே அனுமதி இல்லை. டிபன் பரிமாறப் போகிறவள் என்பதால் என்னை மட்டும் விட்டுவைத்திருக்கிறார்கள்.

அந்த நாளில் உனக்கு ஒரு புத்தகம் கொடுத்தார்களே, ஓட்ஸ், பிரவுன் பிரெட், ஆப்பிள் என்று படம் போட்டு! இங்கே மேஜை மேல் சாதம், இட்லி, அடை, சுண்டல். பிள்ளைகளே தராசில் நிறுத்து எதில் எவ்வளவு கார்ப், அதாவது மாவுச்சத்து, என்று கணக்குப் போடுகிறார்கள். வீட்டு இட்லியையும் ஓட்டல் இட்லியையும் நிறுத்துப் பார்த்த ஒரு பையன், "எத்தனை இட்லின்னு சொன்னா பத்தாது மிஸ், எந்த வீட்டு இட்லின்னு சொல்லணும்" என்றான். டயட்டீஷியன் சொல்லிக் கொடுத்திருந்தால் இது அவன் மண்டையில் ஏறியிருக்குமா?

போன வாரம் கல்யாணப் பந்தி. நிஜமாகவே வாழை இலை போட்டு உட்கார வைத்தார்கள். இன்சுலின் ஊசி எப்போது போடுவது? வழக்கம்போல் கால் மணி முன்னால் போட்டுவிட்டு, இடம் கிடைக்காமல் அடுத்த பந்திக்கு நின்றால் சர்க்கரை இறங்கி லோ ஆகிவிடும். "இலையில சோறு விழட்டும், அப்புறம் போடு" என்றாள் ஒருத்தி. பாயசத்துக்கு? அதில்தான் பெரிய சண்டை. பாயசம் கண்ணில் பட்ட பிறகு அதற்கென்று சின்னதாக இன்னொரு ஊசி என்று முடிவானது. டாக்டரும் ஒத்துக்கொண்டார். ஆனால் அளவு ஆளுக்கு ஆள் வேறு, அவரவர் டாக்டரிடம் பேசி வைத்துக்கொள்ளுங்கள் என்றார்.

அப்புறம் ஒருத்தி துண்டை முந்தானையாகப் போட்டுக்கொண்டு அத்தை வேஷம் கட்டினாள். "பாகற்காய் ஜூஸ் குடி கண்ணு, ஊசியே வேண்டாம்." எதிரில் இருந்தவன், "ஜூஸும் குடிக்கிறேன் அத்தை, ஊசியும் போட்டுக்கிறேன்" என்றான். எனக்கு நம் வீட்டு ஆட்கள் முகமெல்லாம் வரிசையாக வந்து போனது. சிரித்து முடித்ததும், ஊசியை நிறுத்தினால் ரத்தத்தில் கீட்டோன் என்கிற அமிலம் ஏறி ஐசியூவில்தான் போய் நிற்கும் என்று நர்ஸ் கண்டிப்பாகச் சொன்னார்.

கடைசியில் ஒரு பெண், "மாப்பிள்ளை பார்க்கும்போது இதைச் சொல்லணுமா ஆன்ட்டி?" என்று என்னிடம் கேட்டாள். சொல்லத்தான் வேண்டும் என்பது என் கட்சி. ஆனால் அம்மாக்கள் சொன்னால் அந்த வயசில் எடுபடாது. நீ பேசு.

நீ டொரான்டோவில் இருப்பதில் இவர்களுக்கு ஒரே பெருமை. 1922 ஜனவரியில் மனுஷருக்கு முதன்முதலாக இன்சுலின் போட்டது அந்த ஊரில்தானே, அதுவும் 14 வயசுப் பையனுக்கு. "எங்க வயசு" என்று ஒரே கூச்சல்.

டிசம்பரில் ஒரு ஞாயிறு, இங்கே காலை 10 மணிக்கு வீடியோவில் வருவாயா? உனக்கு சனிக்கிழமை ராத்திரி 11.30 ஆகும். லெக்சர் வேண்டாம், அவர்கள் கேட்பதற்குப் பதில் சொன்னால் போதும். வேலை செய்யும் இடத்தில் எல்லார் எதிரிலும் ஊசி போட்டுக்கொள்வாயா என்று கட்டாயம் கேட்பார்கள். அங்கே பழகிய பழக்கத்தில் சர்க்கரை அளவை 3.9 என்று ஆரம்பிக்காதே, இங்கே யாருக்கும் புரியாது. அதையே இந்த ஊர்க் கணக்கில் 70 என்று சொல்லு.

எந்த ஞாயிறு என்று வாட்ஸப்பில் போடு, நர்ஸிடம் சொல்ல வேண்டும்.

அம்மா