எடை மட்டுமே அளவுகோல் அல்ல

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உடலில் சேரும் மிகைக் கொழுப்போடு தொடர்புடையவை எனச் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை 2016-இல் பட்டியலிட்ட 13 வகைப் புற்றுநோய்களுள் பெருங்குடல் புற்றுநோயும் ஒன்று. ஆனால், நோய் வந்த பிறகு நோயாளி மெலிந்தால், 'எடை குறைந்தது நல்லதுதானே' என்று வீட்டார் நிம்மதியடைவது மிகுந்த கவலையளிக்கிறது.

கலிபோர்னியாவில் இந்நோய்க்குச் சிகிச்சை பெற்றவர்களைப் பின்தொடர்ந்த ஆய்வுகளில், இயல்பான எடை உள்ளவர்களைவிடச் சற்றே எடை கூடியவர்களுக்கு இறப்பு அபாயம் குறைவாக இருந்தது. இதனால் கொழுப்பு நன்மை செய்கிறது என்று எண்ணிவிடக் கூடாது. மூன்றாம் இடுப்பு முள்ளெலும்பு மட்டத்தில் எடுத்த சி.டி. ஸ்கேன் படத்தில் தசையையும் கொழுப்பையும் தனித்தனியே அளந்து பார்த்தபோது, தசை குறைந்து கொழுப்பு மிகுந்தவர்களே அதிக ஆபத்தில் இருந்தது தெரியவந்தது. எடை இயந்திரத்துக்கு இந்த வேறுபாடு தெரியாது. உருவத்தில் ஒல்லியாக இருந்தும் வயிற்றுக்குள் கொழுப்பு சேர்வது நம்மவர்களிடம் சாதாரணம் என்பதால், இது நமக்குக் கூடுதலாகப் பொருந்தும்.

இந்நோய்க்குக் கீமோ சிகிச்சை முடித்த 889 பேரிடம் நடத்தப்பட்டு 2025-இல் வெளியான பன்னாட்டு ஆய்வில், மூன்றாண்டு உடற்பயிற்சித் திட்டத்தில் சேர்ந்தவர்களுள் 90 விழுக்காட்டினர் எட்டாண்டுகளுக்குப் பிறகும் உயிரோடிருந்தனர். அத்திட்டத்தில் சேராத மற்ற பிரிவில் இது 83 விழுக்காடு. இத்தனைக்கும் இரு பிரிவினரின் எடையில் பெரிய வேறுபாடில்லை.

நோயின் நிலையறிய எப்படியும் சி.டி. ஸ்கேன் எடுக்கிறார்கள். அதே படத்தில் தசையின் அளவையும் கணித்து அறிக்கையில் குறிப்பிடவும், புரத உணவுக்கும் பயிற்சிக்கும் வழிகாட்டவும் நம் மருத்துவமனைகள் முன்வர வேண்டும்.

இப்படிக்கு,
வாசகர், தஞ்சாவூர்